நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் இரும்பு: வலுவுக்காக வாரத்தை எப்படி அமைப்பது?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், வயது 39. கல்லூரி நாட்களில் இங்கேயே ஒரு கூடத்தில் இரும்பு தூக்கியவன். அன்று 100 கிலோவைத் தோளில் வைத்து ஐந்து முறை உட்கார்ந்து எழுவேன். எடை மாட்டிய ராடைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் 140 வரை போனது. பிறகு வெளிநாட்டு வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ராடைத் தொடவே இல்லை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

வீட்டுப் பக்கத்து ஜிம் ஒன்றில் சேர்ந்ததும் ஆறு நாள் அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால், சனி வயிறு. நாளுக்கு ஆறேழு பயிற்சி, ஒவ்வொன்றிலும் நான்கு செட், அதாவது நான்கு சுற்று. முதல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வலி முழுதாகத் தீருமுன் அடுத்த வெள்ளி வந்துவிட்டது. இப்போது வலது முழங்கையின் உள்பக்கம் ஒரு குத்தல் வேறு.

உடம்பு கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்பது எனக்குப் பெரிதில்லை. வலு வேண்டும். அம்மாவின் ஊர் வள்ளியூருக்குத் தெற்கே. பொங்கலுக்கு அங்கே இளவட்டக்கல் தூக்குவார்கள். வரும் தையில் இருப்பதிலேயே சிறிய கல்லையாவது தோளில் ஏற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது ஆவணி. வாரத்தில் எத்தனை நாள் போகலாம், ஒரு நாளில் என்னென்ன செய்யலாம், எந்த எடையில் தொடங்கி எப்படிக் கூட்டலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சமாதானபுரம் கோச் எழுதியது:

தம்பி, அந்த ஆறு நாள் அட்டவணையை மடித்து எடுத்து வைத்துவிடுங்கள். அது தவறான அட்டவணை என்று சொல்ல மாட்டேன். இடைவெளியே விடாமல் பல ஆண்டுகள் தூக்கி, தசையின் பருமனைக் கூட்ட நினைப்பவனுக்கு உரியது அது. உங்களுக்கு இரண்டு வகையில் பொருந்தாது. ஒன்று, ஒரே நாளில் ஒரே தசைக்கு இருபது, இருபத்தைந்து செட் விழுகிறது. பத்தாண்டு சும்மா இருந்த உடம்பு அதைச் சீர்செய்யவே வாரம் முழுவதையும் செலவழிக்கும். இரண்டு, வலு என்பது பாதி பழக்கம். ராடைத் தோளில் வாங்குவது, மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை இறுக்குவது, இடுப்பைப் பின்னே தள்ளி இறங்குவது எல்லாம் அடிக்கடி செய்தால்தான் திரும்பி வரும். வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் செய்தால் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கற்றுக்கொள்வீர்கள்.

வாரத்தில் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி. நாளுக்கு மூன்றே பெரிய பயிற்சி: காலும் இடுப்பும் சேர்ந்து உழைக்கும் ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று. திங்களும் வெள்ளியும் ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், குனிந்து நின்று ராடை வயிற்றுக்கு இழுக்கும் ரோயிங். புதன் டெட்லிஃப்ட், நின்றபடி ராடைத் தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல் அப்ஸ். புல் அப்ஸ் வராது என்றால் கம்பியை மேலிருந்து கீழே இழுக்கும் இயந்திரம். கைக்கென்று தனி நாள் வேண்டாம். இழுக்கும்போதும் தள்ளும்போதும் கைதானே வேலை செய்கிறது?

எடை விஷயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 100 தூக்கியவன் 40இல் தொடங்குவதைக் கௌரவக் குறைவாக எடுத்துக்கொள்கிறான். நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஸ்குவாட்டில் 40 கிலோ, இரண்டு செட், செட்டுக்கு எட்டு முறை. இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். செட்டை முடிக்கும்போது "இன்னும் மூன்று முறை செய்திருக்கலாமே" என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் எடை அதிகம்.

மூன்றாவது வாரம் 55 கிலோ, மூன்று செட், ஐந்து முறை. நேராக 55ஐத் தோளில் வாங்கக் கூடாது. வெறும் ராடில் பத்து முறை, 35இல் ஐந்து, 45இல் மூன்று, அதன் பிறகுதான் 55. அதிலிருந்து ஒவ்வொரு ஸ்குவாட் நாளிலும் 2.5 கிலோ, அதாவது வாரத்துக்கு 5 கிலோ கூட்டுங்கள். எட்டாவது வாரம் 80 வந்துவிடும். அங்கிருந்து வாரத்துக்கு 2.5 கிலோதான். பதினாறாவது வாரம் பழைய 100 உங்கள் தோளில் இருக்கும். டெட்லிஃப்ட் வாரம் ஒரு நாள்தான். அதையும் முதல் இரண்டு வாரம் 50இல் இதேபோல் செய்துவிட்டு, மூன்றாவது வாரம் 70இல் தொடங்கி வாரம் 5 கிலோ கூட்டலாம். அதில் கடைசி செட் ஒன்றை மட்டும் முழு எடையில் செய்தால் போதும், முதுகுக்கு மற்றதெல்லாம் மிகை.

ஐந்து முறை முடியாமல் மூன்றிலோ நான்கிலோ நின்றுவிட்டால் பதற வேண்டாம். அடுத்த முறையும் அதே எடை. அப்போதும் நின்றால் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு மறுபடி ஏறி வாருங்கள். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் உட்காருங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் போக்கினால் உடம்பு ஆறிவிடும்.

தச்சநல்லூர் வேகம் எழுதியது:

கோச் அண்ணாச்சி மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பழைய எடைக்குத் திரும்பப் பதினாறு வாரம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. தசை பழையதை மறப்பதில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தினர் 2010இல் எலிகளிடம் பார்த்தார்கள். பளு ஏறும்போது தசை இழைக்குள் புதிதாகச் சேரும் உட்கருக்கள், பயிற்சி நின்று தசை மெலிந்த பிறகும் அப்படியே இருந்தன. 2024இல் பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழக ஆய்வில், பத்து வாரம் பயிற்சி, பத்து வாரம் ஓய்வு, மறுபடி பத்து வாரம் பயிற்சி என்று செய்தவர்கள், இருபது வாரம் விடாமல் செய்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாக வந்து நின்றார்கள். ஓய்வில் இழந்ததை ஐந்தே வாரத்தில் மீட்டுவிட்டார்கள்.

2020 ஊரடங்கில் ஜிம்கள் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்ததே, திறந்த பிறகு நாங்கள் எல்லோரும் மளமளவென்று பழைய எடைக்கு வந்துவிட்டோம். 40 கிலோவில் இரண்டு வாரம் நின்றால் பாதிப் பேர் சலித்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். 60இல் தொடங்கலாம், ஒவ்வொரு நாளும் 5 கிலோ கூட்டலாம் என்பது என் கருத்து.

பேட்டை பிசியோ எழுதியது:

தம்பி தச்சநல்லூர் சொன்ன இரண்டு ஆய்வும் உண்மை. ஆனால் பின்லாந்து ஆய்வில் ஓய்வு பத்து வாரம். இங்கே கேட்பவருக்குப் பத்து ஆண்டு. ஊரடங்கில் பயிற்சியை விட்டபோது உங்களுக்கு என்ன வயது, இப்போது இவருக்கு என்ன வயது என்றும் பாருங்கள்.

நான் தினமும் பார்க்கும் பிரச்சினையைச் சொல்கிறேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புபவர்களுக்குத் தசை சீக்கிரம் எழுந்துவிடும். நரம்புகள் தசையை ஏவும் திறமை இன்னும் சீக்கிரம் திரும்பும். முதல் சில வாரங்களில் எடை ஏறுவதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அது உறுதிப்பட மாதங்கள் ஆகும். தசை "தூக்கு" என்று சொல்லும், தசைநாண் அதற்குத் தயாராக இருக்காது. ஆறு முதல் பத்து வாரத்துக்குள் முழங்கை, தோளின் முன்பக்கம், முழங்காலுக்குக் கீழே என்று வலியோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர், "நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது, திடீரென்று வந்துவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள். கோச் சொன்ன பதினாறு வாரம் தசைக்காக அல்ல, தசைநாணுக்காக.

தம்பி சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது. லேசான எடையிலேயே காலம் முழுவதும் நின்றாலும் தசைநாண் வலுப்படாது. அதற்குக் கனமான எடை வேண்டும், அது மெதுவாக ஏறி இறங்க வேண்டும். ஆகவே 40 கிலோ இரண்டு வாரத்துக்கு மட்டும்தான். மூன்றாவது வாரத்தில் கட்டாயம் ஏற வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடிப்படி இறங்க முடியாத வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தணிந்தால் அது வழக்கமான தசை வலி. ஆனால் தசை வீங்கி, தொட்டாலே தாங்காத வலியோடு சிறுநீர் கருப்பட்டிக் காபியின் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அளவுக்கு மீறிச் சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கும், ஓய்வுக்குப் பிறகு ஒரே நாளில் அதிகமாகச் செய்யும்போது இது நேர்கிறது. விளையாட்டு வீரர்களுக்கே இப்படி நேர்ந்ததால்தான், அமெரிக்கப் பயிற்சியாளர் அமைப்புகள் இரண்டு 2019இல் கூட்டாக வழிகாட்டுதல் வெளியிட்டன. ஓய்வுக்குப் பிறகு முதல் வாரத்தில் எடைப் பயிற்சி மூன்று நாளைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, போதிய தண்ணீர் இல்லாமல் செய்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

பொருநைக்கரை, உங்கள் முழங்கைக் குத்தல் அந்தக் "கை நாள்" தந்ததாகவே இருக்கும். கைக்கான தனிப் பயிற்சிகளை நிறுத்துங்கள். பெரிய பயிற்சிகளின்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலை கூடாமல் இருந்தால் தொடரலாம். காலையில் கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள், ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். தொடங்கும் முன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். தம் பிடித்துத் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று மிக அதிகமாக ஏறும். ஏற்கெனவே கூடுதலாக இருந்தால், எழும்போது மூச்சை விட்டபடி எழும் எடையிலேயே நிற்க வேண்டும்.

முருகன்குறிச்சி வாத்தியார் எழுதியது:

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பேசும் இந்தச் செட் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் வாதம் இன்னும் தெளிவாகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவில் ஓர் இராணுவ மருத்துவமனை. முழங்காலில் அடிபட்டு, மாதக் கணக்கில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த வீரர்கள். அக்காலத்து வழக்கப்படி லேசான எடையைப் பல முறை தூக்கச் சொல்வார்கள். கால் தேறவே தேறாது. அங்கே தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் இருந்தார். சிறுவயதில் முடக்குக் காய்ச்சலில் படுத்து, இரும்பு தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். அவர் அந்த வீரர்களுக்குக் கனமான எடையைக் கொடுத்து, தேறத் தேறக் கூட்டினார். 1945இல் அதை எழுதி வெளியிட்டார். தொடக்கத்தில் ஏழு முதல் பத்து செட் வரை செய்யச் சொன்னவர், 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து மூன்றாகக் குறைத்துவிட்டார். பத்து முறை தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் பாதியில் பத்து, முக்காலில் பத்து, முழுதில் பத்து. அவ்வளவே.

இடைவெளிக்குப் பிறகு வருபவனுக்கு இது இன்றும் பொருந்தும். முதல் இரண்டு செட்டே உடம்பைச் சூடாக்கிவிடுகிறது, மூன்றாவது மட்டும்தான் சோதனை. அதிகமாகச் செய்வது வேறு, படிப்படியாகக் கூட்டுவது வேறு. மூன்று செட்டுக்கு இறங்கிய பிறகும் அந்த வீரர்கள் தேறினார்கள். நம் கூடங்களில் இன்றைக்கும் செட்டைத்தான் கூட்டுகிறார்களே தவிர, எடையைக் குறித்து வைக்க ஒரு நோட்டுக்கூட இல்லை. நோட்டு வாங்குங்கள் தம்பி. தேதி, எடை, செட், எத்தனை முறை, அன்று தூக்கம் எப்படி என்று ஒரு வரி.

கல்லிடை மகள் எழுதியது:

பிசியோ அக்காவிடம் ஒரு கேள்வி. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். பள்ளியில் கபடி ஆடியவள். இரண்டாவது குழந்தை சிசேரியன், ஓராண்டு கடந்துவிட்டது. ஜிம்முக்குப் போக வழியில்லை. வீட்டில் 5 கிலோ தம்பெல் இரண்டு இருக்கின்றன. பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். வலுவுக்கு இது போதுமா?

பேட்டை பிசியோ எழுதியது:

தாராளமாகப் போதும் தங்கையே. உங்களுக்கும் அதே மூன்று நாள்தான். முதலில் ஒன்றைப் பாருங்கள்: எழும்போது, இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ, நடுவயிறு கூரைபோல் மேலே புடைத்தாலோ, முதலில் ஒரு பெண்கள் நல பிசியோவைப் பாருங்கள். அவையெல்லாம் சரியாகும். இல்லையென்றால், இரண்டு தம்பெல்லையும் நெஞ்சோடு பிடித்து நாற்காலி உயரத்துக்கு உட்கார்ந்து எழுவது, சுவரிலோ திண்ணை விளிம்பிலோ கை ஊன்றித் தண்டால், ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக் குனிந்து தம்பெல்லை இடுப்புக்கு இழுப்பது. ஒவ்வொன்றிலும் மூன்று செட்.

இது எளிதானதும், வாங்கி வைத்த 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இரு கைகளாலும் மார்போடு அணைத்து எழுங்கள், அதோடு கூடத்தில் நாலு நடை நடங்கள். அரிசி குறையக் குறையச் சிப்பத்தின் எடையும் குறையும். ஆகவே முதலில் பாதி காலியான சிப்பம், பிறகு புதுச் சிப்பம் என்று போகலாம். கபடி ஆடிய கால் அது, சீக்கிரம் வந்துவிடும்.

பனங்காட்டான் எழுதியது:

கல் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். வடலிவிளையில் பொங்கலுக்குப் போட்டியாகவே நடத்துகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். 100 கிலோவுக்கு மேற்பட்ட கல்லும் உண்டு. நான் அந்தச் சுற்றுவட்டாரம்தான்.

ராடு வேறு, கல் வேறு அண்ணாச்சி. ராடில் கைப்பிடி உண்டு. கல் வழவழவென்று உருண்டையாக இருக்கும், விரல் நுழைய இடமே இராது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, காலை அகட்டிக் கல்லுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, குந்தி, முன்கை முழுவதையும் கல்லுக்கு அடியில் கொடுத்து அணைக்க வேண்டும். விரலால் பிடித்தால் நழுவும். முதல் இழுப்பில் தொடைக்கு வரும். அங்கே நிறுத்தி, கல்லை மடியில் வாங்கிக் குந்தியபடியே மூச்சு விட்டு, அணைப்பை மேலே மாற்றிக்கொள்ள வேண்டும். அவசரக்காரன் இந்த இடத்தில்தான் கல்லைப் போடுவான். பிறகு இடுப்பை முன்னே தள்ளி எழும்போது கல் வயிற்றில் உரசி நெஞ்சுக்கு ஏறும். நெஞ்சுக்கு வந்த பிறகு உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துத் தோளில் ஏற்றி, பின்பக்கம் தள்ளிவிடலாம்.

முழங்கையை மடக்கிக் கைப்பலத்தால் இழுப்பவனுக்குப் புஜத்தின் தசைநாண் அறுந்துபோகும். பார்த்திருக்கிறேன். ஆகையால் முழங்கை வலி உள்ளவர் கல்லை அவசரமாகத் தொட வேண்டாம். ஐப்பசி முடிய ராடு மட்டும். கார்த்திகையில் அரிசிச் சிப்பம், மார்கழியில் 50 கிலோ சிமென்ட் மூட்டை என்று அணைத்துத் தூக்கிப் பழகுங்கள். மூட்டையைத் தொடைக்கு, தொடையிலிருந்து நெஞ்சுக்கு, ஐந்து முறை, மூன்று செட். கல் தூக்கும்போது முதுகு சற்று வளையத்தான் செய்யும். டெட்லிஃப்டில் நேராக வைத்துப் பழகிய முதுகை அதற்கும் பழக்க வேண்டும்.

சமாதானபுரம் கோச் எழுதியது:

பனங்காட்டான் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கார்த்திகையிலிருந்து புதன்கிழமைகளில் புல் அப்ஸை விட்டுவிட்டு மூட்டையை வைத்துக்கொள்ளலாம். டெட்லிஃப்டுக்குப் பின்னால் வரட்டும், முன்னால் வேண்டாம். தச்சநல்லூர் தம்பிக்கும் ஒரு வார்த்தை: பெஞ்ச் பிரஸ் முதல் வாரத்தில் லேசாக இருந்தால் அதில் கொஞ்சம் வேகமாக ஏறட்டும், ஆட்சேபணை இல்லை. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் கணக்கை மீற வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது இப்போது பரவலாக ஏற்கும் அளவு. 75 கிலோ ஆளுக்கு 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது. காலையில் முட்டை, மதியம் சாளை மீனோ கோழியோ, மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் பயறு என்று நாள் முழுக்கப் பங்கிடுங்கள். உளுந்தில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம். நம் வீடுகளில் உளுந்தங்களியை வயதுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். தூக்குகிற ஆணும் சாப்பிட வேண்டிய பண்டம் அது. கருப்பட்டியை மட்டும் அளவாகப் போடுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நோட்டு வாங்கிவிட்டேன் சார். இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. திங்கள், புதன், வெள்ளி காலை வெயில் ஏறுமுன் போகப் போகிறேன். முழங்கை தேறும்வரை புல் அப்ஸுக்குப் பதில் இயந்திரம்.

கோச்சிடம் ஒரு சந்தேகம். எங்கள் ஜிம்மில் இருக்கும் ராடுகள் மூன்றும் மூன்று பருமன். எதன் எடையும் யாருக்கும் தெரியவில்லை. சிறிய பிளேட் 2.5 கிலோ, அதற்குக் கீழே இல்லை. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ கூடிவிடுகிறது. 2.5 எப்படிக் கூட்டுவது?

சமாதானபுரம் கோச் எழுதியது:

ஒலிம்பிக் ராடு என்றால் 20 கிலோ. மெல்லிய ராடுகளில் அதில் பாதிகூட இராத ராடும் உண்டு. எடை பார்க்கும் இயந்திரத்தில் ராடைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை, வெறுமனே ஒரு முறை நின்று கழித்துப் பாருங்கள். எடை தெரிந்த ராடில் நூலோ டேப்போ சுற்றி அடையாளம் வைத்து, எப்போதும் அதையே எடுங்கள். ராடு மாறினால் நோட்டில் இருக்கும் கணக்கு மொத்தமும் தவறிவிடும்.

சிறிய பிளேட்டுக்கு லேத் பட்டறையில் சொன்னால் 1.25 கிலோ தகடு இரண்டு கடைந்து, நடுவில் உங்கள் ராடுக்கு ஏற்ற துளை போட்டுத் தருவார்கள். பையில் போட்டு எடுத்துப் போங்கள். அது வரும்வரை, ஐந்து முறை செய்த எடையிலேயே அடுத்த முறை ஆறு, அதற்கடுத்து ஏழு என்று ஏற்றிவிட்டு, பிறகு 5 கிலோ கூட்டி மறுபடி ஐந்துக்கு வாருங்கள். தலைக்கு மேல் பிரஸ்ஸுக்கு இந்த முறைதான் எப்போதும் நல்லது, அதில் 5 கிலோ என்பது பெரிய தாவல்.

மூன்றாவது வாரம் முடிந்ததும் நோட்டில் உள்ளதை இங்கே எழுதுங்கள். முழங்கை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.